வாக்கு இடமாகும் கணக்கு

1967 பிப்ரவரியில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலைத் தமிழ்நாடு மறக்கவில்லை. இருபது ஆண்டுகள் ஆண்ட காங்கிரஸ் வீழ்ந்தது. அண்ணா முதலமைச்சர் ஆனார். 234 இடங்களில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. காங்கிரசுக்கு 51 கிடைத்தன. இந்த எண்கள் பலருக்கும் தெரிந்தவை. அதே தேர்தலின் இன்னும் இரண்டு எண்களை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தி.மு.க. பெற்ற வாக்கு 40.7 சதவீதம். காங்கிரஸ் பெற்றது 41.1 சதவீதம். கூடுதல் வாக்கு வாங்கிய கட்சிதான் ஆட்சியை இழந்தது.

இதில் முறைகேடு எதுவும் இல்லை. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும், 232 இடங்களில், தனித்து நின்றது. தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று மற்றவற்றைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் முதலிய கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பு வாக்குகள் சிதறாமல் ஒரே வேட்பாளர் மேல் குவிந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1962-இல், காங்கிரஸ் 46 சதவீத வாக்குடன் 206 இடங்களில் 139-ஐ வென்றிருந்தது. இடையில் அது இழந்த வாக்கு வெறும் ஐந்து சதவீதப் புள்ளிகள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வைத்திருந்த கட்சி கால் பங்குக்கும் கீழே இறங்கியது.

மக்கள் மனம் மாறியது உண்மை. அந்த மாற்றத்தைப் பல மடங்கு பெருக்கி ஆட்சி மாற்றமாக்கியது வாக்கை எண்ணும் விதி. அந்த விதி எப்படி வேலை செய்கிறது, அதற்கு மாற்று என்ன, அது தரும் பெரும்பான்மையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்த அத்தியாயம்.

விதிகளைக் கேட்கும் அறிவியல்

தேநீர்க் கடைகளில் நடக்கும் அரசியல் பேச்சு பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியது. யார் நல்லவர், யார் திறமைசாலி, யார் யாரை ஏமாற்றினார் என்று அது போகும். அரசியல் அறிவியல் இந்தக் கேள்விகளை ஒதுக்குவதில்லை. ஆனால் அவற்றோடு இன்னொன்றையும் கேட்கிறது. அதே மனிதர்கள், அதே மக்கள், விதி மட்டும் வேறாக இருந்தால் என்ன நடந்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவது கடினம். வேதியியல் ஆய்வகத்தில் ஒரே உப்பை இரண்டு குடுவைகளில் போட்டுச் சோதிக்கலாம். ஒரே தேர்தலை ஒரே மக்களை வைத்து இரண்டு முறை நடத்த முடியாது. அதனால் இந்தத் துறை ஒப்பீட்டை நம்புகிறது. அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 நகர அரசுகளின் ஆட்சி அமைப்புகளைத் திரட்டி எழுதினார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய ஆய்வாளர்களும் அதையே விரிந்த அளவில் செய்கிறார்கள். வெவ்வேறு விதிகள் உள்ள நாடுகளை அருகருகே வைக்கிறார்கள். ஒரே நாடு விதியை மாற்றிக்கொண்டால் முன்னும் பின்னும் என்ன ஆனது என்று பார்க்கிறார்கள். வாக்கு எண்ணும் விதி அப்படி மிக நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. காரணம் எளிது: இரு பக்கமும் எண்கள் இருக்கின்றன. உள்ளே போவது வாக்கு, வெளியே வருவது இடம்.

முந்தியவருக்கே எல்லாம்

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நாம் பயன்படுத்தும் விதி எளிமையானது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர். வேட்பாளர்களில் மற்ற எவரையும்விட அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெறுவார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே ஒரு வாக்கு முந்தினாலும் போதும்.

இதன் விளைவைக் காண ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்துத் தொகுதிகள்; தொகுதிக்கு 100 வாக்காளர்கள்; அ, ஆ, இ என மூன்று கட்சிகள். ஒவ்வொரு தொகுதியிலும் அ 40, ஆ 35, இ 25 வாக்குகள் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தொகுதிகளையும் அ கட்சி வென்றுவிடும். மொத்தத்தில் 60 சதவீத மக்கள் வேறு கட்சிகளுக்கு வாக்களித்திருந்தாலும் அவையில் அந்தக் கட்சிகளுக்கு ஓர் இடமும் இல்லை.

இப்போது இ கட்சியின் 250 வாக்குகளை மட்டும் இடம் மாற்றிப் பார்ப்போம். மூன்று தொகுதிகளில் அது தலா 60 வாக்கும், மற்ற ஏழில் தலா 10 வாக்கும் வாங்குகிறது. மொத்தம் அதே 250-தான். ஏழு தொகுதிகளில் அ 48, ஆ 42 என்று முடிகிறது. மிச்சமுள்ள மூன்றில் இ வெல்கிறது. முடிவு: அ கட்சிக்கு 7, இ கட்சிக்கு 3, ஆ கட்சிக்குப் பூஜ்யம். 35 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்கு எதுவும் இல்லை. 25 சதவீதம் வாங்கிய கட்சிக்கு மூன்று இடங்கள். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதோடு அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

இது தாளில் மட்டும் நடக்கும் கணக்கு அன்று. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் பல முனைப் போட்டி நடந்தது. அ.தி.மு.க. 44 சதவீத வாக்குடன் 39-இல் 37 இடங்களைப் பெற்றது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2024-இல், காற்று திசை மாறியது, தி.மு.க. கூட்டணி 47 சதவீத வாக்குடன் 39 இடங்களையும் அள்ளியது. அதே 2014-இல் நாடு முழுவதும் இரண்டு கோடிக்கு மேல் வாக்கு வாங்கி, வாக்கு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சிக்கு மக்களவையில் ஓர் இடமும் இல்லை. அந்தத் தேர்தலில் 31 சதவீத வாக்கு வாங்கிய பா.ஜ.க.வுக்கு 282 இடங்களுடன் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. எந்தக் கட்சி என்பதை இந்த விதி பார்ப்பதில்லை. முந்தியவருக்குக் கொடுக்கிறது, பின்தங்கியவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இந்த விதி நமக்குப் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குடன் 650 இடங்களில் 411-ஐப் பெற்றது. நாடெங்கும் பரவலாக 14.3 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்குக் கிடைத்தவை 5 இடங்கள். அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள். பின்னவரின் வாக்குகள் குறிப்பிட்ட வட்டாரங்களில் திரண்டிருந்தன.

கூட்டணி ஏன் பிறக்கிறது?

பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951-இல் வெளியிட்ட நூலில் ஒரு பொது விதியைச் சொன்னார். முந்தியவர் வெல்லும் முறை உள்ள நாடுகளில் போட்டி இரண்டு பக்கங்களாகச் சுருங்கும். வாக்கு விகிதப்படி இடம் தரும் நாடுகளில் பல கட்சிகள் தழைக்கும். இதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. மூன்றாம் இடத்துக் கட்சிக்கு வாக்கு இருந்தும் இடம் கிடைக்காது என்பது முதல் காரணம். இது கணக்கின் விளைவு. அதைப் பார்த்துப் பழகிய வாக்காளர், தனக்குப் பிடித்த சிறிய கட்சியை விட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் ஒருவருக்கு வாக்களிப்பார் என்பது இரண்டாவது. இது மனத்தின் விளைவு.

"அவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடும்" என்று ஊரில் சொல்வது இந்த இரண்டாம் விளைவைத்தான். ஓட்டைப் பிரிக்க ஆள் நிறுத்துவது, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு இரவெல்லாம் நீள்வது, கொள்கையில் எதிரும் புதிருமான கட்சிகள் ஒரே மேடையில் ஏறுவது எல்லாம் இதே விதியிலிருந்து முளைப்பவை. 1967-இல் சுதந்திராவும் மார்க்சிஸ்டும் ஓரணியில் நின்றதற்கு இந்தக் கணக்கே காரணம். கூட்டணிகளைத் தலைவர்களின் சந்தர்ப்பவாதம் என்று மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். கூட்டணி சேராதவரை இந்த விதி தண்டிக்கிறது.

இந்தியா முழுவதையும் ஒன்றாக எடுத்தால் துவெர்ஜேயின் விதி பொய்த்துப்போனது போலத் தோன்றும்; மக்களவையில் கட்சிகள் அத்தனை. ஆனால் அவர் சொன்ன சுருக்கம் தொகுதிக்குள் நடப்பது. கேரளத்தில் இடது முன்னணியும் ஐக்கிய முன்னணியும், தமிழ்நாட்டில் இரு கழகங்களின் தலைமையிலான அணிகளும் என்று பல மாநிலங்களில் நெடுங்காலம் இருமுனைப் போட்டிதான். ஒவ்வொரு மாநிலத்திலும் அந்த இரண்டு வேறு வேறாக இருப்பதால் தில்லியில் கூடும்போது அவை பலவாகின்றன.

இலங்கை கற்றுத்தரும் பாடம்

ஒரு கட்சிக்கு நூறு இடம் கூடுதலாகக் கிடைத்தால் என்ன? நிலையான ஆட்சி நல்லதுதானே? இந்தக் கேள்விக்கு இலங்கையின் அனுபவத்தைவிடத் தெளிவான விடை வேறெங்கும் இல்லை.

அங்கும் பிரிட்டன் தந்த அதே விதிதான் முதலில் இருந்தது. 1970 தேர்தலில் நடந்தது நம் 1967-ஐ ஒத்திருக்கிறது. ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்குடன் மற்ற எந்தக் கட்சியையும்விட அதிகமாகப் பெற்றது. தேர்தலில் நிரப்பப்பட்ட 151 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 17. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி, இடதுசாரிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஐக்கிய முன்னணியாக நின்றது. முன்னணியின் மொத்த வாக்கு பாதியைத் தொடவில்லை, இடங்கள் 116. அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அந்தப் பலத்தோடுதான் 1972-இன் குடியரசு அரசியலமைப்பு எழுதப்பட்டது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, அதுவரை நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு மறைந்தது.

1977-இல் அலை மறுபக்கம் திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 சதவீத வாக்கு. 168 இடங்களில் 140. வாக்கில் பாதி, இடத்தில் ஆறில் ஐந்து. ஏறத்தாழ 30 சதவீத வாக்கு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்கள் மட்டும். 7 சதவீதத்துக்கும் குறைவான வாக்கு பெற்றாலும் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள். அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நாம் தாளில் போட்ட இ கட்சியின் கணக்கு அங்கே வரலாறாக நடந்தது.

அந்த ஆறில் ஐந்து பங்கைக் கொண்டு ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன 1978-இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஆட்சியை நிறுவினார். 1982 டிசம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றத்தின் ஆயுளையே ஆறு ஆண்டுகள் நீட்டினார். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னது. எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் இடங்களை இழந்தார்கள். வடக்கு-கிழக்குத் தமிழர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பாராளுமன்றத்தில் இல்லாமல் போன அந்தக் காலத்தில்தான் உள்நாட்டுப் போர் வேரூன்றியது. இலங்கைப் போருக்கு எண்ணும் விதி மட்டும் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாதி மக்களின் ஆதரவைக் கொண்டு நாட்டின் அடித்தளத்தையே திருத்தும் வலிமையை இரண்டு முறை அந்த விதி கொடுத்தது. மறுபாதி மக்களின் ஒப்புதல் யாருக்கும் தேவைப்படவில்லை.

விகிதப்படி கொடுத்தால்?

அதே 1978 அரசியலமைப்புதான் இலங்கையில் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 முதல் பாராளுமன்றத் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து, கட்சிகள் வாங்கிய வாக்கின் விகிதத்தில் வருகிறார்கள். 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். வாக்காளர் கட்சியைத் தேர்ந்து, அதன் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம். ஒரு மாவட்டத்தில் இடம் பெற வேண்டுமானால் தாண்ட வேண்டிய வெட்டுப்புள்ளி முதலில் 12.5 சதவீதமாக இருந்தது. 1988-இல் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறுபான்மைக் கட்சிகளுக்குக் கதவு திறந்தது அந்தத் திருத்தத்தால்தான். இந்த முறையில் ஒரு தனி அணி மூன்றில் இரண்டு பங்கைத் தேர்தலிலேயே எட்டியது 2024 நவம்பரில்தான்: தேசிய மக்கள் சக்திக்கு 159 இடங்கள். அதற்கு அது 61 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்க வேண்டியிருந்தது. 1977-இல் 51 சதவீதம் போதுமானதாக இருந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விகிதாசார முறைக்கும் விலை உண்டு. இஸ்ரேலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி, 120 இடங்கள், வரம்பு 3.25 சதவீதம். அவையில் பத்துக் கட்சிகள் இருப்பது அங்கே வழக்கம். 2019 ஏப்ரல் முதல் 2022 நவம்பர் வரை அந்த நாடு ஐந்து பொதுத் தேர்தல்களைச் சந்தித்தது. மொழியாலும் கட்சிகளாலும் பிரிந்திருக்கும் பெல்ஜியம், 2010 தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைக்க 541 நாட்கள் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் குடியரசான ஜெர்மனி, 60,000 வாக்குக்கு ஓர் உறுப்பினர் என்று வரம்பே இல்லாமல் இடம் கொடுத்தது. அந்தக் குடியரசு சரிந்து ஹிட்லர் வந்ததற்குக் காரணங்கள் பல. அரசுகள் அடிக்கடி கவிழ்ந்ததும் அவற்றில் ஒன்று. அதை நினைவில் வைத்தே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி கலப்பு முறையை வகுத்தது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. அதோடு 5 சதவீத வரம்பும் வைத்தது.

நியூசிலாந்தின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே விதியை மக்களே மாற்றினார்கள். 1978-லும் 1981-லும் அங்கே தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் ஆட்சி தேசியக் கட்சிக்குப் போனது. கேள்விகள் எழுந்தன; அரசு ஓர் ஆணையம் அமைத்தது; 1992, 1993 ஆண்டுகளில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 1996 முதல் அந்த நாடு ஜெர்மனியின் கலப்பு முறையில் வாக்களிக்கிறது.

இந்தியா எப்படித் தேர்ந்தெடுத்தது?

நமக்கு இந்த விதி யோசனையில்லாமல் வந்துசேரவில்லை. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசார முறை வேண்டும் என்று சில உறுப்பினர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். சிறுபான்மையினரின் குரல் அவையில் கேட்க அதுவே வழி என்று வாதிட்டார்கள். அம்பேத்கர் அதை எதிர்த்தார். வேட்பாளர்களை வரிசைப்படுத்த எழுத்தறிவு வேண்டும். நாட்டில் பெரும்பாலோருக்கு அன்று அது இல்லை. அவை சிறு சிறு குழுக்களாகச் சிதறினால் அரசு நிலைக்காது. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு நிலையான அரசு தேவை. இந்த இரண்டு காரணங்களையும் சபை ஏற்றுக்கொண்டது.

ஆனால் நம் அரசியலமைப்பு விகித முறையை முழுதாக விலக்கவில்லை. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கிறோம். வாக்களிக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் விருப்ப வாக்குகளை எண்ணியபோது யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே வி. வி. கிரி நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இதை ஒத்த விதி 1982 முதல் இருக்கிறது. இரண்டாம் விருப்பங்களை எண்ணும் தேவை முதன்முதலாக வந்தது 2024 செப்டம்பரில்; முதல் எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்கவுக்கு 42.3 சதவீதமே கிடைத்திருந்தது.

குறையற்ற விதி உண்டா?

இத்தனை விதிகளில் மிகச் சிறந்தது எது? இந்தக் கேள்வியைக் கணிதமாக அணுகியவர் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சிந்தனையாளர் கோந்தர்சே. 1785-இல் அவர் எடுத்துக்காட்டிய சிக்கலை நம் ஊராட்சி ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

கையில் உள்ள பணத்துக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும்: குளம் தூர்வாரலாம், சாலை போடலாம், பள்ளிக்குக் கட்டடம் கட்டலாம். ஊரில் சம அளவில் மூன்று தெருக்கள். மேலத்தெரு குளம், சாலை, பள்ளி என்று வரிசைப்படுத்துகிறது. நடுத்தெரு சாலை, பள்ளி, குளம் என்கிறது. கீழத்தெரு பள்ளி, குளம், சாலை என்கிறது. இரண்டிரண்டாக வாக்கெடுப்பு நடத்துவோம். குளமா சாலையா என்றால் குளம் வெல்லும். சாலையா பள்ளியா என்றால் சாலை வெல்லும். அப்படியானால் பள்ளியைவிடக் குளமே ஊருக்குப் பிடித்தது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் பள்ளியா குளமா என்று கேட்டால் பள்ளி வெல்லும்! ஒவ்வொரு தெருவின் விருப்பமும் தெளிவானது. ஊரின் விருப்பம் சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்த ஊரில் உண்மையில் முடிவெடுப்பவர் வாக்கெடுப்பின் வரிசையை வகுக்கும் தலைவர். அவருக்குச் சாலை வேண்டுமென்றால், முதலில் பள்ளியையும் குளத்தையும் மோதவிடுவார், வென்ற பள்ளியை அடுத்துச் சாலையோடு மோதவிடுவார், சாலை வென்றுவிடும். சட்டமன்றத்தில் எந்தத் தீர்மானம் முதலில் வரும், எது விவாதத்துக்கே வராது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஏன் அவ்வளவு மதிப்புள்ளது என்பது இதிலிருந்து விளங்கும்.

1951-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ இதை ஒரு தேற்றமாகவே நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, விருப்ப வரிசைகளைச் சேர்த்து சமூகத்தின் வரிசையாக்கும் எந்த விதியும் சில எளிய நியாயங்களை ஒரே சமயத்தில் நிறைவேற்ற முடியாது. எல்லாரும் ஒன்றை மற்றொன்றைவிட விரும்பினால் சமூகமும் அதையே விரும்ப வேண்டும். இரண்டுக்கு இடையேயான முடிவை மூன்றாவது ஒன்று மாற்றக்கூடாது. எந்தத் தனி ஒருவரின் விருப்பமும் எல்லாருக்குமான சட்டமாகக்கூடாது. இவை மூன்றும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாரும் மறுக்காதவை. எல்லாச் சூழலிலும் சேர்ந்து நிற்க மாட்டா. 1972-இல் ஆரோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டு மக்களாட்சியே பொய் என்று முடிவு கட்டுவது தவறு. எந்த விதியிலும் ஒரு குறை இருக்கும் என்பதே தேற்றத்தின் பொருள். எந்தக் குறையோடு வாழ நமக்குச் சம்மதம், அந்தக் குறை எல்லை மீறாமல் எப்படிக் காப்பது என்பவைதான் ஒரு சமூகம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இடம் அரசாகும்போது

நாடாளுமன்ற முறையில் வாக்கு இடமானதும் பயணம் முடிவதில்லை. அரசியலமைப்பின் 75ஆவது பிரிவின்படி அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பானது. அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அரசு. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசின் நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 பேரும் எதிராக 270 பேரும் வாக்களித்தார்கள். ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது.

கூட்டணி ஆட்சி இப்படி ஒரு வாக்கில் தொங்கும். தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் நிலைமை தலைகீழ். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். ஆகவே ஆளும் கட்சி நினைத்தது அவையில் நிறைவேறும். அந்தப் பெரும்பான்மையின் ஒரு பகுதி மக்கள் தந்தது. மறுபகுதி எண்ணும் விதி தந்தது. சுதந்திர இந்தியாவின் மக்களவைத் தேர்தல்களில் எந்தத் தனிக் கட்சியும் பாதி வாக்கைத் தொட்டதில்லை. 1984-இல் 49 சதவீத வாக்குடன் 514 இடங்களில் 404-ஐ வென்ற காங்கிரஸ்தான் மிக அருகில் வந்தது.

அரசியலமைப்பைத் திருத்த அவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1971-இல் இந்திரா காந்தியின் காங்கிரசுக்கு 44 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்கில் 352 இடங்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், கிடைத்தன. நெருக்கடிநிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, 42ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது அந்த அவைதான். இலங்கையில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கண்ணில் படும். வேற்றுமையும் உண்டு: இந்தியாவில் சில தடைகள் தாக்குப்பிடித்தன.

அவற்றில் முதலாவது நீதிமன்றம். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு 7க்கு 6 என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது மாநிலங்களவை. அது வேறு விதியில் தேர்ந்தெடுக்கப்படுவது; இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் மாறுவது. அதனால் ஒரே அலை இரண்டு அவைகளையும் ஒருசேர அடித்துச் செல்ல முடியாது. மக்களவையில் நானூறு இடங்களுக்கு மேல் வைத்திருந்த ராஜீவ் காந்தி அரசு 1989-இல் கொண்டுவந்த பஞ்சாயத்து ராஜ் திருத்தம் மாநிலங்களவையில் தேவையான ஆதரவின்றித் தோற்றது. நல்ல நோக்கமுள்ள திருத்தம்தான். பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அது புதிய வடிவில் 1992-இல் நிறைவேறியது. மூன்றாவது மக்கள். 1977 தேர்தலில் அவர்கள் இந்திரா காந்தியின் ஆட்சியை அகற்றினார்கள்.

எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதும் இதே போன்ற ஒரு விதிதான். 1962-இல் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1967-இல் 39 ஆயின. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடங்களை இழக்கக்கூடாது என்பதற்காக 1976-இல் இடப்பங்கீடு 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைக்கப்பட்டது. 2001-இன் 84ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஒவ்வொரு குடிமகனின் வாக்கும் சமம் என்பது ஒரு நியாயம். கூட்டாட்சியில் எந்த மாநிலமும் குரலிழக்கக்கூடாது என்பது இன்னொரு நியாயம். இரண்டும் மோதும்போது கணக்குத் தானாக விடை தராது. பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இந்த அத்தியாயத்திலிருந்து நான் எட்டும் முடிவு ஒன்றுதான். விதி கொடுக்கும் கூடுதல் இடங்களை ஓர் அரசு ஆள்வதற்குப் பயன்படுத்தலாம். அதற்காகத்தான் நாம் அந்த விதியை ஏற்றிருக்கிறோம். ஆனால் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை மாற்ற அந்தக் கூடுதல் இடங்கள் போதா. அதற்குத் தனக்கு வாக்களிக்காதவர்களின் ஒப்புதலையும் ஓர் அரசு தேடியாக வேண்டும்.

அடுத்த தேர்தல் முடிவு வரும் நாளில், வாசகரே, ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரையுங்கள். ஒன்றில் கட்சிகள் வென்ற இடங்களையும் மற்றொன்றில் அவை வாங்கிய வாக்கு சதவீதத்தையும் எழுதுங்கள். தேர்தல் ஆணையம் இரண்டையும் வெளியிடுகிறது. நீங்கள் ஆதரித்த கட்சி வென்றிருந்தாலும் அந்த இரண்டாம் பத்தியைப் படியுங்கள். வெற்றி பெற்றவரை எத்தனை பேர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அதுதான் சொல்லும். அவர்களையும் சேர்த்து ஆள வேண்டிய கடமை வென்றவருக்கு உண்டு. அதை நினைவூட்டும் கடமை நமக்கு உண்டு.